பிடி தளராத இணைப்பு

குண்டு பல்பின் காலத்தில் வீட்டு விளக்குக்குக் கனெக்டர் என்று தனியாக ஒரு பொருள் தேவைப்படவில்லை. கூரையிலிருந்து இறங்கும் இரண்டு ஒயர்களும் சீலிங் ரோஸின் பித்தளைத் திருகுகளில் முடியும். அதிலிருந்து தொங்கும் ஒயர் ஹோல்டரின் திருகுகளில் முடியும். ஆங்கிள் ஹோல்டரோ பேட்டன் ஹோல்டரோ என்றால் அந்த ஓர் இணைப்பும் மிச்சம். ஒயரைப் பிடிக்கும் உறுப்பு விளக்குச் சாமானோடு சேர்ந்தே வந்தது. அதைத் தேர்ந்தெடுக்கும் வேலையைத் தயாரிப்பாளரே நமக்காகச் செய்து முடித்திருந்தார்.

எல்.இ.டி. வந்ததும் இது மாறியது. 2015 ஜனவரி 5 அன்று மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தில் 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் விநியோகமாயின. அவை பழைய ஹோல்டரிலேயே பொருந்தும் பல்புகள். அவற்றோடும் அவற்றுக்குப் பின்னும் வீடுகளுக்குள் நுழைந்த பேனல் விளக்கு, டவுன்லைட், சுவர் அலங்கார விளக்கு ஆகியவற்றுக்கு ஹோல்டர் கிடையாது. ஒரு சின்ன டிரைவர் பெட்டி, அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் சில அங்குல ஒயர், அவ்வளவுதான். அந்த ஒயர் பெரும்பாலும் 0.5 சதுர மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ இருக்கும். தலைமுடிபோன்ற இழைகளால் ஆனது. கூரையில் காத்திருக்கும் வீட்டு ஒயரோ 1.5 சதுர மில்லிமீட்டர். பழைய வீடாக இருந்தால் 1/18 அல்லது 3/20 என்று ஒயர்மேன்கள் இன்றும் சொல்லும் விறைப்பான செம்புக் கம்பி. இந்த இரண்டையும் சேர்க்கும் பொறுப்பு இப்போது வீட்டுக்காரருக்கும் ஒயர்மேனுக்கும் வந்துவிட்டது. பெரும்பாலான வீடுகளில் அது எப்படி நிறைவேறுகிறது என்பது நமக்குத் தெரியும்: முனைகளைச் சீவி, முறுக்கி, மேலே இன்சுலேஷன் டேப் சுற்றிக் கூரைக்குள் தள்ளிவிடுவது.

விளக்கும் எரிகிறது. எரிகிற விளக்கைப் பார்த்து இணைப்பு சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுகிறோம். ஓர் இணைப்பு நல்லதா என்பது அது முதல் நாள் மின்சாரத்தைக் கடத்துகிறதா என்பதைப் பொறுத்ததன்று. பத்து ஆண்டுகள் கழித்தும் இரண்டு உலோகங்களையும் அதே விசையோடு அழுத்திக்கொண்டிருக்கிறதா என்பதைப் பொறுத்தது. கனெக்டர் தேர்வின் மொத்த அறிவியலும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கும்.

தொடுவதாகத் தோன்றுவதும் உண்மையில் தொடுவதும்

பளபளவென்று சீவிய இரண்டு செம்புக் கம்பிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அவை நீளம் முழுக்கத் தொட்டுக்கொண்டிருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். நுண்ணோக்கி வேறு கதை சொல்லும். எவ்வளவு மழமழப்பான உலோகப் பரப்பிலும் மேடும் பள்ளமும் உண்டு. ஒரு பரப்பின் மேடு இன்னொன்றின் மேட்டை எங்கே சந்திக்கிறதோ அங்கே மட்டும்தான் உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. மற்ற இடமெல்லாம் காற்றும் ஆக்சைடு படலமும்தான்.

இந்தத் துறையை அறிவியலாக நிலைநிறுத்தியவர் ராக்னர் ஹோம் என்ற ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர். ஓர் இணைப்பின் வழியாக ஓடும் மின்சாரம் முழுவதும் சில நுண்புள்ளிகளுக்குள் நெருக்கியடித்துக்கொண்டுதான் கடக்கிறது என்பதை அவர் கணக்காகக் காட்டினார். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் வைகையின் வடகரைக் கூட்டம் முழுவதும் குறுகலான ஒரு தரைப்பாலத்தின் வழியே தென்கரைக்கு வர முயன்றால் என்ன ஆகுமோ அதுதான் மின்சாரத்துக்கும் ஆகிறது. சாலை எத்தனை அகலமாக இருந்தாலும் பாலத்தின் அகலம்தான் வேகத்தைத் தீர்மானிக்கும்.

அந்தப் பாலத்தை அகலமாக்குவது எது? விசை. மேடுகளை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு அவை நசுங்கும். நசுங்கும் அளவுக்குத் தொடுபரப்பு விரியும். அழுத்தும் விசையை உலோகத்தின் கடினத்தன்மையால் வகுத்தால் உண்மையான தொடுபரப்பு ஏறத்தாழக் கிடைத்துவிடும். செம்பின் கணக்கில், ஒரு கிலோ எடை தரும் அழுத்தத்துக்குக் கிடைப்பது ஒரு சதுர மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுதான். ஒயரின் குறுக்குப் பரப்போ ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர். நூற்றைம்பது மடங்கு வித்தியாசம்.

இந்தக் கணக்கில் கம்பிகள் எவ்வளவு நீளத்துக்கு ஒட்டிக்கிடக்கின்றன என்பதற்கு இடமே இல்லை. கையால் முறுக்கிய இணைப்பில் அழுத்தம் தருவது செம்பு தன் வடிவத்துக்குத் திரும்ப முயலும் சிறிய விறைப்பு மட்டுமே. வீட்டு ஒயரின் செம்பு மென்மையாக்கப்பட்டது. அந்த விறைப்பு நாளடைவில் தானாகவே தளரும். டேப் மின்காப்புக்காக ஏற்பட்டது; உலோகத்தை அழுத்திப் பிடிக்கும் வலு அதற்குக் கிடையாது. சூட்டில் அதன் பசையும் இளகிவிடும். மாறாக, கனெக்டரில் ஒரு சிறிய திருகை அரை நியூட்டன்-மீட்டர் அளவுக்கு முறுக்கினால் பல பத்துக் கிலோ எடைக்கு நிகரான அழுத்தம் கிடைக்கிறது.

சூடு பிறக்கும் இடம்

ஒன்றரைச் சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரில் ஒரு மீட்டருக்குச் சுமார் 12 மில்லி ஓம் மின்தடை உண்டு. நல்ல இணைப்பின் மின்தடை ஒரு மில்லி ஓமுக்குள் அடங்கிவிடும். ஏழெட்டு சென்டிமீட்டர் ஒயர் கூடுதலாக இருப்பதற்குச் சமம். அதை மின்சாரம் கவனிக்கவே கவனிக்காது.

தளர்ந்த இணைப்பின் மின்தடை அரை ஓமுக்கு ஏறிவிட்டதென்று வைத்துக்கொள்வோம். சூடு என்பது மின்னோட்டத்தின் இருமடியை மின்தடையால் பெருக்கிய தொகை. ஒன்பது வாட் எல்.இ.டி. விளக்கு இழுப்பது சுமார் 0.05 ஆம்பியர். அதனால் அந்த இணைப்பில் பிறக்கும் சூடு ஒரு வாட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒன்றும் ஆகாது. ஹோமின் அளவீடுகளின்படி செம்பு முனைகளுக்கிடையே மின்பொறி நிலைத்து எரியவே சுமார் 0.4 ஆம்பியராவது வேண்டும், ஒற்றை எல்.இ.டி. விளக்கு அந்த எல்லையைத் தொடுவதில்லை.

அப்படியானால் கவலை எதற்கு? நம் வீடுகளில் லூப்பிங் என்ற முறை இருப்பதால்தான். ஒரு விளக்குக்கு வரும் நியூட்ரல் அங்கேயே முடிவதில்லை. அதே முடிச்சிலிருந்து அடுத்த விளக்குக்கும் மின்விசிறிக்கும் சுவிட்ச் போர்டின் பிளக் பாயிண்டுக்கும் கிளம்பிப் போகும். அந்த பிளக்கில் ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸ் மாட்டினால் 4.3 ஆம்பியர் இந்த முடிச்சின் வழியாகத்தான் திரும்ப வேண்டும். அதே அரை ஓம், இப்போது ஒன்பது வாட் சூட்டை அரை அங்குல இடத்துக்குள் கொட்டுகிறது. செம்பு கறுக்கும், ஆக்சைடு வளரும், மின்தடை ஏறும், சூடு இன்னும் கூடும். ஒரு கட்டத்தில் செம்பு ஆக்சைடு மணி ஒன்று அங்கே உருவாகி ஆயிரம் டிகிரிக்கு மேல் தணலாக எரியக்கூடும் என்று ஆய்வுக்கூடங்களில் கண்டிருக்கிறார்கள். பி.வி.சி. உறை தாங்கும் எல்லை 70 டிகிரி.

எம்.சி.பி. இதைத் தடுக்காதா? தடுக்காது. எம்.சி.பி. அறிவது மின்னோட்டம் மிகுவதை மட்டும். ஆயிரம் வாட் அயர்ன் பாக்ஸின் மின்தடை 53 ஓம். அதோடு அரை ஓம் சேர்ந்தால் மின்னோட்டம் ஒரு சதவீதம் குறையத்தான் செய்யும். எம்.சி.பி.யின் கண்ணில் எல்லாம் முன்னைவிட நன்றாகவே இருக்கிறது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருப்பதால் கசிவைப் பிடிக்கும் ஆர்.சி.சி.பி.யும் சும்மா இருக்கும். வீட்டின் எல்லாக் காவலையும் தாண்டி நிற்கும் ஆபத்து இது. அதைத் தடுக்கும் இடம் கனெக்டர் மட்டுமே.

இதை ஒரு நாடே பட்டுணர்ந்தது. 1965 முதல் 1973 வரை அமெரிக்க வீடுகள் பலவற்றில் செம்புக்குப் பதில் அலுமினிய ஒயர் போட்டார்கள். 1972க்கு முந்தைய அலுமினிய ஒயரிட்ட வீடுகளில் இணைப்புகள் தீப்பிடிக்கும் நிலையை எட்டும் வாய்ப்பு, செம்பு ஒயரிட்ட வீடுகளைப்போல 55 மடங்கு என்று அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கூறியது. கோளாறு ஒயரின் நடுவில் இல்லை, முனையில்தான். அலுமினியம் சூட்டில் செம்பைவிட அதிகமாக விரியும், திருகுக்கு அடியில் மெல்ல நழுவும், கடத்தாத ஆக்சைடை நொடியில் போர்த்திக்கொள்ளும். செம்பு தட்டுப்பாடாக இருந்த காலத்தில் கட்டிய நம் ஊர் வீடுகளிலும் அலுமினிய ஒயர் உண்டு. அதைச் செம்போடு நேரடியாக முறுக்கவே கூடாது.

செல்லூருக்கு ஏன் தனிக் கணக்கு

கனெக்டரின் தரவுத்தாள் எழுதப்படுவது ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தின் நிதானமான சூழலுக்காக. மதுரையில், வைகையின் வடகரையில் கைத்தறியும் விசைத்தறியும் நெருங்கிய குடியிருப்பான செல்லூரில் அதே கனெக்டர் மூன்று எதிரிகளைச் சந்திக்கிறது.

முதல் எதிரி வெப்பம். வீட்டுக் கனெக்டர்களுக்கான பன்னாட்டுத் தரம், முழுச் சுமையில் முனையின் வெப்பம் சுற்றுப்புறத்தைவிட 45 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்கிறது. சிறப்புக் குறி ஏதும் இல்லாத கனெக்டருக்குச் சுற்றுப்புற எல்லை 40 டிகிரி. மதுரையில் சித்திரை வைகாசியில் நிழலிலேயே 40 டிகிரி அடிக்கிறது. மொட்டை மாடிக்குக் கீழே, ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே அடைபட்ட காற்றும், தகரக் கூரையின் அடிவயிறும் அதைத் தாண்டிவிடும். ஆகவே டி85 போன்ற குறியுள்ளதைத் தேட வேண்டும். 85 டிகிரிச் சூழலிலும் வேலை செய்யும் என்பது அதன் பொருள். அதோடு தேவைக்கு மேலான ஆம்பியர் அளவையும் எடுக்க வேண்டும். 32 ஆம்பியர் கனெக்டரில் மூன்று ஆம்பியர் ஓடினால் அதன் முழுச் சூட்டில் நூறில் ஒரு பங்குகூடப் பிறக்காது. இருமடி விதி இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது.

இரண்டாவது எதிரி அதிர்வு. விசைத்தறியின் நாடா நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் குறுக்கே பாயும். ஒவ்வொரு பாய்ச்சலின் அடியும் தரை வழியாகவும் பொதுச்சுவர் வழியாகவும் அடுத்த வீட்டுக்குப் போகும். நன்றாக இறுக்கிய திருகும் பக்கவாட்டு அதிர்வில் தானாகக் கழலக்கூடும் என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் சோதனையால் நிறுவினார். திருகு கழலாவிட்டாலும் நுண்ணசைவில் உலோகங்கள் உரசி உரசித் தூளாகி, தூள் ஆக்சைடாகி, தொடும் புள்ளிகளைக் கெடுக்கும்.

மூன்றாவது எதிரி ஈரமும் தூசியும். 2024 அக்டோபர் கனமழையில் செல்லூர்க் கண்மாயும் பந்தல்குடி கால்வாயும் நிரம்பித் தெருக்களுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. நீர் வடிந்த பிறகும் சுவர் வாரக்கணக்கில் ஈரத்தை வைத்திருக்கும். திறந்த முறுக்கு அதில் பச்சை பூக்கும். தறிக்கூடத்தில் பறக்கும் பஞ்சுத் தூசி ஜங்ஷன் பாக்ஸுக்குள் படிந்தால், சூடேறிய முடிச்சுக்குப் பக்கத்திலேயே எரிபொருளும் தயார்.

கடையில் கிடைக்கும் நான்கு வழிகள்

முதலாவது, பால் வெள்ளைப் பிளாஸ்டிக்குக்குள் பித்தளைக் குழாயும் இரண்டு திருகுகளும் உள்ள வரிசைக் கனெக்டர். வேண்டிய அளவு வெட்டி எடுத்துக்கொள்ளலாம். ஒரே மாதிரியான விறைப்புக் கம்பிகளுக்கு இது நன்றாகவே உழைக்கும். இழை ஒயரை அப்படியே நுழைத்தால் திருகின் நுனி இழைகளை அறுக்கும். அதற்காக முனையில் ஈயம் பற்றவைப்பது பழைய வழக்கம், அது தவறு. பற்றுஈயம் அழுத்தத்தின் கீழ் மெல்ல மெல்ல வழியும் உலோகம். சில மாதங்களில் திருகுக்கு அடியில் இடைவெளி விழுந்துவிடும். செம்பாலான குழாய் லக்கை முனையில் மாட்டிக் கிரிம்பிங் பிளையரால் நசுக்கிவிட்டுத் திருகில் நுழைப்பதே முறை. ஒரே துளைக்குள் தடித்த வீட்டு ஒயரையும் மெல்லிய விளக்கு ஒயரையும் சேர்த்து நுழைக்கக் கூடாது. திருகின் அழுத்தம் முழுவதையும் தடித்தது தாங்கிக்கொள்ளும். மெல்லியது பிடியில்லாமல் கிடக்கும்.

இரண்டாவது, தொப்பி போன்ற முறுக்குக் கனெக்டர். வில்லியம் மார் என்பவர் 1914இல் கனடாவில் உருவாக்கியது இதன் முன்னோடி. வட அமெரிக்க வீடுகள் முழுக்க இதுதான். விறைப்புக் கம்பிகளுக்கு ஏற்றது. விறைப்பும் மென்மையும் கலந்தால் மென் இழை நழுவிவிடும்.

மூன்றாவது, ஒயரை உள்ளே தள்ளினாலே பிடித்துக்கொள்ளும் வகை. விறைப்புக் கம்பிக்கு விரைவான வழி. இழை ஒயரை இதில் தள்ள முடியாது, மடங்கிவிடும்.

நான்காவது, நெம்புகோல் கனெக்டர். 1951இல் ஜெர்மனியின் மிண்டன் நகரில் தொடங்கிய வாகோ நிறுவனம் திருகுக்குப் பதில் வில்லால் ஒயரைப் பிடிக்கும் யோசனையைத் தன் தொழிலாகவே ஆக்கிக்கொண்டது. சின்னக் கைப்பிடியைத் தூக்கி, ஒயரை நுழைத்து, மடக்கினால் எஃகு வில் ஒயரை ஒரு செம்புப் பட்டையோடு அழுத்தும். இதே வகை இப்போது வேறு பெயர்களிலும் கிடைக்கிறது.

நம் கேள்விக்கு மிக நேரடியாகப் பதில் சொல்வது இந்த நான்காவதுதான். திருகு ஒரே இடத்தில் நிற்கும். அதன் கீழே செம்பு இம்மியளவு நசுங்கினாலும் அழுத்தம் போய்விடும். வில் அப்படி நிற்பதில்லை. செம்பு நசுங்கினால் வில் கூடவே இறங்கும், வெப்பத்தில் விரிந்தால் விலகி இடம் தரும், அதிர்ந்தாலும் அழுத்திக்கொண்டே இருக்கும். ஒவ்வோர் ஒயருக்கும் தனித்தனி வில் இருப்பதால் 1.5 சதுர மில்லிமீட்டருக்கும் 0.5க்கும் போட்டி இல்லை. வாகோவின் 221 வரிசை இழை ஒயரில் 0.14 முதல் 4 சதுர மில்லிமீட்டர்வரை ஏற்கும். உடல் கண்ணாடிபோல இருப்பதால் முனை உள்ளே போய்ச் சேர்ந்ததா என்று பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அதில் டி85 குறியும் உண்டு. செல்லூர் வீட்டின் எல்.இ.டி. விளக்குக்கு இதுவே என் பரிந்துரை. திருகுக் கனெக்டரைவிட விலை கூடுதல்தான். ஒரு விளக்கின் விலையோடு ஒப்பிட்டால் அது பொருட்டன்று.

மாட்டும்போது

மெயினை அணைத்து, டெஸ்டரால் எல்லா ஒயர்களையும் தொட்டுப் பார்ப்பதிலிருந்து வேலை தொடங்க வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. லூப்பிங்கில் நியூட்ரல் எங்காவது அறுந்திருந்தால், எரியும் வேறொரு விளக்கின் வழியாக வந்து அந்தக் கறுப்பு ஒயரிலும் முழு 230 வோல்ட் நிற்கும்.

அடுத்தது நிறம். நம் நாட்டு வீட்டு ஒயரிங்கில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றும் பேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை அல்லது பச்சை-மஞ்சள் எர்த். விளக்கின் வால் ஒயர்களிலோ பழுப்பு பேஸ், இளநீலம் நியூட்ரல். த்ரீ பேஸ் வாங்கிய வீட்டில் கூரையின் நீலத்தையும் விளக்கின் நீலத்தையும் நிறம் பார்த்துச் சேர்த்தால் பேஸ் நியூட்ரலோடு மாறிவிடும். நிறத்தை நம்பாமல் டெஸ்டரைத்தான் நம்ப வேண்டும். உலோக உடலுள்ள விளக்கு என்றால் எர்த் ஒயரைச் சும்மா மடித்துவிடாமல் அதற்கும் தனிக் கனெக்டர் போட வேண்டும்.

உறையைச் சீவும் நீளத்தைக் கனெக்டரின் உடலிலேயே அச்சிட்டிருப்பார்கள். 221 வரிசைக்கு அது 11 மில்லிமீட்டர். குறைந்தால் வில் உறையைக் கடிக்கும்; கூடினால் செம்பு வெளியே தெரியும். பிளேடால் சீவும்போது இழை ஒன்றுகூட அறக் கூடாது. மாட்டிய பிறகு ஒவ்வோர் ஒயரையும் தனித்தனியாக இழுத்துப் பார்ப்பது ஒயர்மேனின் கை அறிவு. ஹோமின் கணக்கு முழுவதும் அந்த இழுப்பில் சோதிக்கப்படுகிறது: பிடி இருந்தால் அழுத்தம் இருக்கிறது, அழுத்தம் இருந்தால் தொடுபரப்பு இருக்கிறது.

கனெக்டர் எதுவானாலும் அது ஒரு பெட்டிக்குள், திறந்து பார்க்கக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். சிமெண்ட் பூச்சுக்குள் புதைத்த இணைப்பையும், ஜிப்சம் பலகைக்கு மேல் அனாதையாக விட்ட இணைப்பையும் பழுதாகும் நாள்வரை யாரும் பார்க்கப் போவதில்லை. இந்த வேலையைத் தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் தகுதிச் சான்று பெற்ற ஒயர்மேனிடம் ஒப்படைக்க வேண்டும். வீட்டுக்காரர் செய்ய வேண்டியது, எந்தக் கனெக்டர் என்று அவரோடு பேசி முடிவு செய்து, அதைத் தானே வாங்கிக் கொடுப்பது. விளக்கைப் பார்த்துப் பார்த்து வாங்கும் நாம், அதைத் தாங்கும் இணைப்பை மட்டும் டேப் ரோலிடம் விட்டுவிடுவதில் நியாயமில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது எப்படியும் விளக்குகளைக் கழற்றுவோம். அந்த நாளில் கூரைப் பெட்டி ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். உறை பழுப்பேறியிருக்கிறதா, டேப் ஒழுகியிருக்கிறதா, செம்பு கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். மின்விசிறி ஓடும்போது சிமிட்டுகிற விளக்கு, அயர்ன் பாக்ஸ் போட்டால் வரும் பிளாஸ்டிக் கருகிய வாடை ஆகிய இரண்டில் எது தென்பட்டாலும் பொங்கல்வரை காத்திருக்க வேண்டாம். கறுத்த முனையை வெட்டி எறிந்துவிட்டு, புதுச் செம்பு தெரியும் இடத்திலிருந்து ஒயரைச் சீவி, பிடி தளராத கனெக்டரில் மாட்டச் சொல்லுங்கள். ஒரு முடிச்சுக்குச் சில நிமிட வேலை அது.